எஞ்சினை மாற்றிய பிறகு தெரிந்தது: மெக்லாரன் ஹோண்டாவை விட்டு விலகிய கதை

2017 செப்டம்பர் 15 அன்று, சிங்கப்பூர் பந்தய வார இறுதியில், தனக்கு எஞ்சின் செய்து தந்த ஹோண்டாவுடனான ஒப்பந்தத்தை அந்த சீசனோடு முடித்துக்கொள்வதாக ஃபார்முலா 1 கார் பந்தய அணியான மெக்லாரன் அறிவித்தது. அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு ரெனால்ட் எஞ்சின். அன்று அதைத் தவறு என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. நானும் சரி என்றுதான் நினைத்தேன். பின்னால் நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்த பிறகு, அந்த முடிவுக்கு அவர்கள் வந்து சேர்ந்த வழி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு. அணிகளின் பெயர்கள் பொதுவெளியில் உள்ளவை. ஆட்களை அவர்கள் வகித்த பொறுப்பால் மட்டும் குறிப்பிடுகிறேன். இது தனிமனிதர்களைக் குற்றம் சாட்டும் கதை இல்லை.

பின்னணி

2014இல் ஃபார்முலா 1 விதிகள் அடியோடு மாறின. 2.4 லிட்டர் வி8 போய், 1.6 லிட்டர் வி6 டர்போவும் இரண்டு மின் இயந்திரங்களும் சேர்ந்த பவர் யூனிட் வந்தது. ஒரு பந்தயத்துக்கு 100 கிலோ எரிபொருள்தான். அதுவும் மணிக்கு 100 கிலோ என்ற வேகத்துக்கு மேல் பாயக்கூடாது. எல்லோருக்கும் ஒரே அளவு எரிபொருள் என்றான பிறகு, வீணாகும் வெப்பத்திலிருந்தும் பிரேக்கிலிருந்தும் யார் அதிகம் மீட்கிறார்கள் என்பதே போட்டியானது.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்லிவிட வேண்டும், மீதிக் கதை அதைச் சுற்றித்தான் நடக்கிறது. எம்ஜியூ-கே என்ற இயந்திரம் பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் எடுக்கும். அது சேமிப்புக்கு அனுப்பக்கூடியது சுற்றுக்கு 2 மெகாஜூல் என்று விதி கட்டிப்போட்டிருந்தது. டர்போவின் தண்டில் உட்கார்ந்து, வெளியேறும் புகையின் ஆற்றலிலிருந்து மின்சாரம் எடுக்கும் எம்ஜியூ-எச்சுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. ஆக, எம்ஜியூ-எச்சை யார் நன்றாகச் செய்தார்களோ அவர்களுக்கு நேர்சாலை முழுக்கக் கூடுதலாக 120 கிலோவாட் கிடைக்கும். மற்றவர்களுக்கு நேர்சாலையின் பாதியிலேயே மின்சாரம் தீர்ந்துவிடும்.

2014இல் மெக்லாரனிடம் இருந்தது மெர்சிடிஸ் எஞ்சின், அந்த ஆண்டின் ஆகச் சிறந்த எஞ்சின். இருந்தும் அணி 181 புள்ளிகளோடு 5ஆம் இடம்தான் பிடித்தது. ஆனால் தலைமை அதற்கு முன்பே ஒரு முடிவுக்கு வந்திருந்தது: எஞ்சினைக் காசு கொடுத்து வாங்கும் அணி, எஞ்சினைச் செய்யும் நிறுவனத்தின் சொந்த அணியை வென்று பட்டம் வாங்க முடியாது. மெர்சிடிஸுக்குச் சொந்த அணி இருக்கிறது; எனவே தங்களுக்கென்றே எஞ்சின் செய்து தரும் ஒரு கூட்டாளி வேண்டும். இந்த நம்பிக்கையில்தான் 2013 மே மாதத்தில் ஹோண்டாவுடன் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது, 2015 சீசனிலிருந்து. எஞ்சின் செலவு இல்லை, கூடவே பெரும் நிதியும் வரும்.

ஹோண்டா என்ற பெயர் அந்த அணிக்குள் எழுப்பும் நினைவுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1988இல் 16 பந்தயங்களில் 15ஐ மெக்லாரன்-ஹோண்டா வென்றது. 1988 முதல் 1991 வரை நான்கு ஆண்டுகளும் ஓட்டுநர் பட்டம், அணிப் பட்டம் இரண்டும் அவர்களுக்கே. ஆனால் 2013இல் கையெழுத்திட்ட ஹோண்டா, 2008 இறுதியில் ஃபார்முலா 1ஐ விட்டே போயிருந்த நிறுவனம். எஞ்சின் செய்யும் மற்ற மூவரும் (மெர்சிடிஸ், ஃபெராரி, ரெனால்ட்) புது விதி எஞ்சினைப் பந்தயத்தில் ஓட்டி ஓராண்டு ஆன பிறகுதான் ஹோண்டாவின் முதல் எஞ்சின் தடத்துக்கு வந்தது.

கவனிக்கப்பட்டவை: 2015, 2016

காரின் பின்பகுதியை முடிந்தவரை ஒடுக்கமாகச் செய்ய வேண்டும் என்பது மெக்லாரனின் கேட்பு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘சைஸ் ஸீரோ’. ஹோண்டா அதற்கு ஒப்புக்கொண்டு, டர்போவில் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் பகுதியான கம்ப்ரஸரை வி6இன் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே பதித்தது. அந்தப் பள்ளத்தின் அகலம் எவ்வளவோ அவ்வளவுதான் கம்ப்ரஸர் பெரிதாகலாம். டர்போ சிறுத்தது, டர்போ சிறுத்ததால் எம்ஜியூ-எச் மீட்கும் ஆற்றலும் குறைந்தது. எஞ்சினின் குறை என்று பின்னாளில் எல்லோரும் பேசியதில் ஒரு பங்கு, காரின் வடிவத்துக்காகக் கேட்டு வாங்கிய குறை. இதை நான் அழுத்தியே சொல்ல விரும்புகிறேன்.

2015 பிப்ரவரியில் ஸ்பெயினின் ஹெரெஸில் சோதனை ஓட்டம். நான்கு நாளில் மெக்லாரன் ஓடியது 79 சுற்றுகள், சுமார் 350 கிலோமீட்டர். ஒரு பந்தயமே 305 கிலோமீட்டர். சீசன் தொடங்கிய பிறகும் நிலைமை மாறவில்லை. பெல்ஜியத்தில் எஞ்சின் பாகங்களை மாற்றியதற்காக இரண்டு கார்களுக்கும் சேர்த்து விதிக்கப்பட்ட கிரிட் பெனால்டி, அதாவது தொடக்க வரிசையில் பின்னுக்குத் தள்ளும் தண்டனை, 105 இடங்கள். மொத்தம் நிற்பதே 20 கார்கள். சுசுகாவில், ஹோண்டாவின் சொந்தத் தடத்தில், இரண்டு முறை உலகப் பட்டம் வென்ற ஓட்டுநர் நேர்சாலையில் முந்தப்பட்டபோது ‘ஜிபி2 எஞ்சின்’ என்று ரேடியோவில் கத்தினார். ஜிபி2 என்பது ஃபார்முலா 1க்கு ஒரு படி கீழே நடந்த பந்தயத் தொடர். அந்த ஒலிப்பதிவு உலகம் முழுக்க ஒளிபரப்பானது. அவருடைய எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் ஜப்பானில் ஹோண்டாவின் சகுரா ஆய்வுக்கூடத்தில் இரவு பகலாக உட்கார்ந்திருந்தவர்களின் தலைக்குமேல் அந்த வாக்கியம் இரண்டாண்டு தொங்கியது. ஒரே அணியாக இருக்க வேண்டியவர்கள் இரண்டு தரப்பானது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

அந்த ஆண்டு 27 புள்ளிகள், 9ஆம் இடம். 2016இல் 76 புள்ளிகள், 6ஆம் இடம். முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் பழைய அமைப்பில் இதற்குமேல் போக வழியில்லை என்று ஹோண்டா முடிவு செய்தது.

இதற்கிடையே ஒரு முடிவு யாரும் அதிகம் பேசாமலே கடந்துபோனது. 2015இல் போட்டி அணியான ரெட்புல் தனக்கும் ஹோண்டா எஞ்சின் கிடைக்குமா என்று தேடியபோது மெக்லாரன் தலைமை அதற்குச் சம்மதிக்கவில்லை. தனக்கே உரிய எஞ்சினைப் பங்கு போட எந்த அணிக்கும் மனம் வராது என்பது இயல்பு. ஆனால் அதனால் ஹோண்டா எஞ்சின் ஒரே ஒரு காரில்தான் ஓடியது. அதே எஞ்சினை இன்னொரு காரில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு மூன்று ஆண்டும் இரு தரப்புக்கும் கிடைக்கவில்லை. குறை எஞ்சினில் எவ்வளவு, காரில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் தராசு அவர்கள் கையில் இல்லை.

2017: முறிவு

2017க்கு ஹோண்டா எஞ்சினைப் புதிதாகவே வரைந்தது. கம்ப்ரஸர் முன்னால், புகையால் சுழலும் டர்பைன் பின்னால், நடுவில் எம்ஜியூ-எச் என்று மெர்சிடிஸ் வழியில் அமைந்த வடிவம். கோட்பாட்டளவில் சரியான திசை. சோதனை ஓட்டம் தொடங்கியதும் எண்ணெய்த் தொட்டியில் சிக்கல் வந்தது. டைனோ என்ற ஆய்வுக்கூடச் சோதனை மேடையில் எஞ்சின் அசையாமல் நிற்கிறது. காரில் அது பிரேக்குக்கும் வளைவுக்கும் தூக்கி வீசப்படுகிறது, எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. டைனோவில் சரியாக ஓடிய தொட்டி காரில் ஓடவில்லை. அடுத்து அதிர்வு. எஞ்சினும் கியர்பாக்ஸும் டயரும் சேர்ந்து தடத்தில் ஓடும்போதுதான் அந்த அதிர்வு எழுந்தது. டைனோவில் அதன் சுவடே இல்லை. அதன் பிறகு எம்ஜியூ-எச் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதானது.

ரஷ்யாவில், ‘ஜிபி2 எஞ்சின்’ என்று கத்திய அதே முன்னணி ஓட்டுநரின் கார் பந்தயத்துக்கு முந்தைய அணிவகுப்புச் சுற்றிலேயே நின்றுபோனது. அவர் அந்த ஆண்டு மொனாக்கோவை விட்டுவிட்டு இண்டியனாபோலிஸ் 500 ஓட்டப் போனார். அங்கேயும் அவர் காரில் ஹோண்டா எஞ்சின்தான். 200 சுற்றுகளில் 179ஆவது சுற்றில் அதுவும் புகைந்தது. ஃபார்முலா 1 எஞ்சினுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் மனங்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டிருந்த நேரம் அது. ஜூலையில் சாபர் அணி 2018க்காக ஹோண்டாவுடன் ஏப்ரலில்தான் அறிவித்திருந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தது.

எடுத்த முடிவும் காரணங்களும்

ஹோண்டாவை அழைத்து வந்த தலைவர் 2016 இறுதியிலேயே வெளியேற்றப்பட்டிருந்தார். புதிய நிர்வாகத்தின் முன் இருந்த நெருக்கடிகள் உண்மையானவை. முன்னணி ஓட்டுநரின் ஒப்பந்தம் 2017இல் முடிகிறது. ஹோண்டா தொடர்ந்தால் அவர் இருக்கமாட்டார். 9ஆம் இடத்துக்கான பரிசுப் பணம் அந்த அளவு அணியை நடத்தப் போதாது. விளம்பரதாரர்கள் விலகிக்கொண்டிருந்தார்கள். 2018இல் ஒரு ஓட்டுநருக்கு சீசன் முழுக்க மூன்று எஞ்சின்கள்தான் என்று விதி இறுகப்போகிறது, அப்படியானால் பெனால்டி இன்னும் கூடும். மெர்சிடிஸும் ஃபெராரியும் கிடைக்கவில்லை. ரெனால்ட் தன் சொந்த அணி, ரெட்புல், டோரோ ரோஸ்ஸோ என மூன்று அணிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது; நான்காவதுக்கு இடமில்லை. டோரோ ரோஸ்ஸோ ஹோண்டாவுக்கு மாற ஒப்புக்கொண்ட பிறகே கதவு திறந்தது.

இந்தக் காரணங்கள் ஒவ்வொன்றையும் நான் மதிக்கிறேன். அந்த அறையில் இருந்திருந்தால் நானும் கையைத் தூக்கியிருப்பேன். ஆனால் இவற்றோடு இன்னொரு காரணமும் சேர்ந்திருந்தது: ‘எங்கள் சேசிஸ் (எஞ்சின் நீங்கிய காரின் உடல்) தரமானது, எஞ்சின்தான் பின்னுக்கு இழுக்கிறது.’ வளைவுகளில் காரின் வேகத்தை ஜிபிஎஸ் தரவு காட்டியது. மெக்லாரன் அங்கே முன்னணி அணிகளுக்குப் பக்கத்தில் இருந்தது. நேர்சாலையில்தான் அடி. அதனால் குற்றம் எஞ்சினுடையது என்று படித்தார்கள்.

அந்த வாசிப்பில்தான் ஓட்டை. வளைவில் காரைத் தரையோடு அழுத்தும் விசை சும்மா வருவதில்லை. அதற்கு விலை நேர்சாலையில் காற்றின் தடை. இறக்கையைக் கூட்டினால் வளைவில் வேகம் ஏறும், நேர்சாலையில் குறையும். எஞ்சின் பலவீனமாக இருக்கும் காரில், நேர்சாலையில் இழக்கும் ஒவ்வொரு கிலோமீட்டரையும் எஞ்சின் கணக்கில் எழுதிவிட முடியும். உடலமைப்பு எவ்வளவு தடையைச் சுமக்கிறது என்ற கேள்வி எழவே எழாது. அப்படித்தான் மூன்று ஆண்டு எழாமல் இருந்தது.

2018: நடந்தது

அறிவிப்பு செப்டம்பர் நடுவில். கார் வெளியீடு அடுத்த பிப்ரவரி 23. இடையில் ஐந்து மாதம்கூட முழுதாக இல்லை. ஹோண்டா எஞ்சினில் கம்ப்ரஸர் முன்னால், ரெனால்டில் கம்ப்ரஸரும் டர்பைனும் பின்னால். அதனால் சேசிஸின் பின்புறம், கியர்பாக்ஸ் உறை, குளிர்விப்பு, பின்பக்க சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் திருப்பி வரைய வேண்டியிருந்தது. பார்சிலோனா சோதனையில் அது வெளியே தெரிந்தது. எஞ்சின் மூடி கருகியிருந்தது. சூடு வெளியேறக் கூடுதல் துளைகள் வெட்டப்பட்டு, காரின் வழவழப்பான பின்முதுகு கிழித்து ஒட்டியது போல இருந்தது.

முதல் பந்தயத்தில், ஆஸ்திரேலியாவில், 5ஆம் இடம். அணிக்குள் நிம்மதி. முதல் ஐந்து பந்தயங்களில் 40 புள்ளிகள். அதன் பிறகு இருந்த 16 பந்தயங்களில் 22 மட்டுமே.

கடைசிக் கணக்கு இது. ஒரே ரெனால்ட் எஞ்சினை வைத்து அந்த ஆண்டு ரெட்புல் நான்கு பந்தயங்களை வென்று 419 புள்ளிகள் எடுத்தது. ரெனால்டின் சொந்த அணி 122. மெக்லாரன் 62. பட்டியலில் 6ஆம் இடம் என்று இருக்கும். சீசன் நடுவில் உரிமை கைமாறிய ஓர் அணி தன் பழைய புள்ளிகளை இழக்காமல் இருந்திருந்தால் அது 7ஆம் இடம். மூன்று ஆண்டாக இல்லாத தராசு இப்போது கிடைத்துவிட்டது, அது காட்டியது இதைத்தான். காருக்குக் காற்றுத் தடை அதிகம், அழுத்த விசை குறைவு, மாதிரிக் காரின் மேல் காற்றை ஊதிச் சோதிக்கும் காற்றுச்சுரங்கத்தின் எண்களும் தடத்து எண்களும் பொருந்தவில்லை என்று அணியே ஒப்புக்கொண்டது. பந்தய இயக்குநர் ஜூலையில் பதவி விலகினார். யாருக்காக எஞ்சின் மாற்றப்பட்டதோ அந்த ஓட்டுநரும் ஆண்டு முடிவில் ஃபார்முலா 1ஐ விட்டுப் போனார்.

மறுபக்கம். டோரோ ரோஸ்ஸோ-ஹோண்டா தன் இரண்டாவது பந்தயத்திலேயே, பஹ்ரைனில், 4ஆம் இடம் பிடித்தது. மெக்லாரனும் ஹோண்டாவும் சேர்ந்திருந்த மூன்று ஆண்டில் கிடைத்த சிறந்த முடிவு 5ஆம் இடம். ஒரு பந்தயத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது, அந்த அணியும் ஆண்டை 33 புள்ளிகளோடு 9ஆம் இடத்தில்தான் முடித்தது. ஆனால் அவர்கள் வேறு விதமாக வேலை செய்தார்கள். சின்ன அணி, பட்டக் கனவு இல்லை; கிரிட் பெனால்டி வந்தால் வரட்டும் என்று புது எஞ்சின்களை அடுத்தடுத்துப் போட்டு ஓட்டினார்கள். எம்ஜியூ-எச் சிக்கலுக்கு ஹோண்டா தன் விமான எஞ்சின் பிரிவின் உதவியை நாடியது. 2018 ஜூனில் ரெட்புல், அடுத்த ஆண்டிலிருந்து ஹோண்டா என்று அறிவித்தது. 2019 ஜூன் 30 அன்று ஆஸ்திரியாவில் ஹோண்டா வென்றது, 2006க்குப் பிறகு முதல் வெற்றி. 2021இல் ஓட்டுநர் பட்டம்.

இரண்டாவது மாற்றம்

மெக்லாரன் 2019இல் எஞ்சினை மாற்றவில்லை, ஆட்களையும் வேலைமுறையையும் மாற்றியது. புதிய அணித் தலைவர் வந்தார். தொழில்நுட்ப இயக்குநர் டோரோ ரோஸ்ஸோவிலிருந்து வந்தார். அதே ரெனால்ட் எஞ்சினோடு 145 புள்ளிகள், 4ஆம் இடம். எஞ்சினைச் செய்த ரெனால்டின் சொந்த அணிக்கு 91 புள்ளிகள். 2020இல் 202 புள்ளிகளோடு 3ஆம் இடம்.

2019 செப்டம்பரில், 2021 முதல் மெர்சிடிஸ் எஞ்சினுக்குத் திரும்புவதாக அறிவித்தார்கள். இந்த முறை கையில் ஓராண்டுக்கும் மேல் நேரம். கொரோனா தொற்றுக்காலத்தில் சேசிஸ் வடிவத்தை மாற்றக்கூடாது என்று விதி கட்டுப்படுத்தியபோது, அனுமதிக்கப்பட்ட மாற்றங்களை எஞ்சின் பொருத்துவதற்கே செலவிட்டார்கள். பழைய மாற்றத்தில் இருந்த அவசரத்தின் சாயல்கூட இல்லை. 2021 செப்டம்பர் 12 அன்று இத்தாலியின் மோன்ஸாவில் முதல் இரண்டு இடங்களும் அவர்களுக்கு, 2012க்குப் பிறகு முதல் வெற்றி. 2024இல் அணிகளுக்கான பட்டம், 1998க்குப் பிறகு முதல் முறை. அந்த ஆண்டு மெர்சிடிஸின் சொந்த அணி 4ஆம் இடம். காசு கொடுத்து எஞ்சின் வாங்கும் அணி பட்டம் வாங்க முடியாது என்று 2013இல் நம்பிய அணிதான் இது.

மீண்டும் நடந்தால் எதை மாற்ற வேண்டும்

முதலில் 2014ஐத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். ஆகச் சிறந்த எஞ்சினோடு 5ஆம் இடம் என்பது காரைப் பற்றிய செய்தி. கூட்டாளி மாறும் உற்சாகத்தில் அந்தச் செய்தி படிக்கப்படாமலே போனது. இந்தக் கதை முழுவதிலும் எனக்கு அதிகம் வலிப்பது இந்த இடம்தான், ஏனென்றால் விடை அப்போதே அவர்கள் மேசையில் இருந்தது.

2015இல் ஹோண்டாவுக்கு இரண்டாவது அணி கிடைக்க விட்டிருக்க வேண்டும். போட்டியாளருக்கு எஞ்சின் கொடுப்பது கசப்புதான்; ஆனால் புது எஞ்சினுக்கு இரண்டு மடங்கு ஓட்டமும், குறையைப் பிரித்தறிய ஓர் ஒப்பீடும் கிடைத்திருக்கும். எஞ்சின் வடிவத்தைக் காரின் வடிவத்துக்காக வளைக்கும் கேட்புகளை, முதல் ஆண்டிலாவது, அடக்கி வைத்திருக்க வேண்டும். எஞ்சின் டைனோவில் காரின் கியர்பாக்ஸையும் சேர்த்துப் பொருத்தி ஓட்டும் வேலை 2016 குளிர்காலத்திலேயே நடந்திருந்தால் 2017இன் அதிர்வு சோதனைத் தடத்துக்கு வரும் முன்பே தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு.

2017 முடிவைப் பற்றி: பிரிவது தவிர்க்க முடியாததாக ஆகியிருக்கலாம். பேச்சு நின்றுபோன இரண்டு தரப்பை ஒப்பந்தம் மட்டும் சேர்த்து வைக்காது. ஆனால் ‘எஞ்சின்தான் காரணம்’ என்று வெளியே சொல்லும் முன், காரின் காற்றுத் தடையைத் தனியாக அளந்து ஓர் எண் எழுதி வைத்திருக்கலாம். அந்த எண் இருந்திருந்தால் 2018இன் ஆறு மாதம் மிச்சம்.

காற்றுச்சுரங்க விஷயத்தில் அவர்கள் பாடத்தைச் செயலாக்கினார்கள். இங்கிலாந்தின் வோக்கிங்கில் இருந்துகொண்டு ஜெர்மனியின் கொலோனில் உள்ள டொயோட்டாவின் சுரங்கத்தை வாடகைக்கு எடுத்து மாதிரிகளை அனுப்பிக்கொண்டிருந்த அணி, சொந்தச் சுரங்கத்தில் பணம் போட்டது. அது 2023இல் ஓடத் தொடங்கியது.